வானத்து வேலைக்கு 708 பிளவுஸ்

பெறுநர்: விமானப் பணிப்பெண் நேர்காணலுக்குப் பயிற்சி தரும் நிலையத்தின் நிர்வாகிகள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நகைக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடி (லிஃப்ட் பழுது).

பொருள்: பயிற்சிக் கட்டணம் கட்டுவதா வேண்டாமா என்பது – தொடர்பாக.

பார்வை: தங்கள் நிலையத்திலிருந்து இதுவரை வந்த பதினோரு தொலைபேசி அழைப்புகள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் நிலையத்துக்கு எத்தனை பெயர் உண்டோ, எத்தனை ஊரில் கிளை உண்டோ, அத்தனைக்கும் சேர்த்து இந்த ஒரு கடிதம் போதும். பேனர் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண் சிரிக்கிறாள், பின்னால் ஒரு விமானம் மேலே ஏறுகிறது, கீழே ‘பிளஸ் டூ போதும்’ என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண் ஊர் ஊராகச் சிரிப்பதைப் பார்த்தால் அவளுக்குத்தான் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது என்று தோன்றுகிறது.

இந்தக் கடிதத்தில் வரும் குடும்பமும் எல்லா ஊரிலும் உண்டு. அப்பா தையல்காரர். மகள் பிளஸ் டூ முடித்தவள், வயது 18. அம்மா, தம்பி, அப்பத்தா. கடையில் இரண்டு மிஷின், ஒன்றுக்குத்தான் மோட்டார். மகள் ஒருநாள் தங்கள் பளபளக் கையேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் தங்கள் கவுன்சிலர் அம்மையார் கடைக்கே போன் செய்தார். அப்பா நம்பரை யார் கொடுத்தது என்று மகளைக் கேட்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தார்.

சனிக்கிழமை அப்பாவும் மகளும் இரண்டு மாடி ஏறினார்கள். துணைக்கு மகளின் தோழி ஒருத்தியும் போனாள். முதலில் ‘ஸ்காலர்ஷிப் டெஸ்ட்’. இருபது கேள்வி, அதில் ஒன்று இந்தியாவின் தலைநகர் எது என்பது. மகளுக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி கிடைத்தது. சும்மா கூட வந்த தோழிக்கும் அதே முப்பது கிடைத்தது. நிலைய வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா மட்டும் தேர்வு எழுதவில்லை. எழுதியிருந்தால் அவரும் முப்பது சதவீத அறிவாளி ஆகியிருப்பார்.

தள்ளுபடி போகக் கட்டணம் ஒரு லட்சத்து இருபதாயிரம். இன்னும் மூன்றே சீட்டு. இன்றைக்கே ஐயாயிரம் கட்டினால் ஒரு சீட்டைப் பிடித்துவைப்பார்கள். கட்டணத்துக்கு மேல் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி. பள்ளிக்கூடத்துக்கு இல்லாத இந்த வரி தனிப்பயிற்சி நிலையத்துக்கு உண்டு. ஆக 21,600 ரூபாய் சேர்த்து மொத்தம் 1,41,600. மாதத் தவணையில் கட்டலாம், வட்டியே கிடையாது என்றார் அம்மையார். தையல்காரருக்கு எல்லாக் கணக்கும் துணியில்தான் வரும். லைனிங் இல்லாத சாதா பிளவுஸ் ஒன்றுக்கு 200 ரூபாய் கூலி. மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். 708 பிளவுஸ்.

“வேலை கண்டிப்பா கிடைச்சிடுமா மேடம்?”

“ஹண்ட்ரட் பர்சென்ட் பிளேஸ்மெண்ட் அசிஸ்டன்ஸ் சார்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே தங்கள் நிலையத்தைப் பாராட்ட வேண்டும். ‘நூறு சதவீதம்’ என்பது பேனரில் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. ‘பிளேஸ்மெண்ட்’ அதற்கடுத்த அளவு. ‘அசிஸ்டன்ஸ்’ என்ற சொல் எறும்பு ஊர்வதுபோல் ஓரத்தில் போகிறது. வேலை வேறு, வேலைக்கு உதவி வேறு என்று அந்த எறும்புக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் விளம்பரத்துக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கானவை அவை. வேலை உறுதி, தேர்வு உறுதி என்று பொய்யாக விளம்பரம் செய்யக் கூடாது. தேர்வானவரின் படத்தை, அவர் தேர்வான பிறகு எழுத்தில் தரும் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. பொறுப்புத் துறப்பு வாசகத்தைப் பெரிய வாக்குறுதியின் எழுத்தளவிலேயே அச்சிட வேண்டும். அதாவது எறும்பையும் யானை அளவுக்கு வரைய வேண்டும். தங்கள் பேனர் அடித்தவருக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும். நுகர்வோர் உதவி எண் 1915. அதையும் ஓரத்தில் அச்சிட்டால் அழகாக இருக்கும்.

அப்பா அன்று பணம் கட்டவில்லை. “வீட்ல கலந்துக்கிட்டு சொல்றேன் மேடம்” என்று இறங்கி வந்துவிட்டார். கடைக்குப் போய் முதலில் செய்த வேலை, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மகளைச் சுவரோரம் நிறுத்தியது.

இங்கேதான் இந்த வியாபாரத்தின் வேடிக்கை ஆரம்பமாகிறது. இண்டிகோவுக்கும் ஏர் இந்தியாவுக்கும் பணிப்பெண்ணாகப் போக விரும்பும் பெண் குறைந்தது 155 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்; புதிதாகச் சேர்பவருக்கு வயது 18 முதல் 27 வரை. தையல்காரர் டேப் 60 அங்குலம், அதாவது 152 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் இன்னும் ஓர் அங்குலம் வேண்டும். மகள் அதைத் தாண்டி இரண்டு விரல் இருந்தாள். வீட்டில் மூச்சு விட்டார்கள்.

துபாய் எமிரேட்ஸ் கதை வேறு. அங்கே 160 சென்டிமீட்டர் உயரம், தவிர நுனிக்காலில் நின்று கையை உயர்த்தினால் 212 சென்டிமீட்டரைத் தொட வேண்டும். தலைக்கு மேலுள்ள பெட்டியறையில் அவசரக் கருவிகள் இருக்கும். எட்டாத கைக்கு அவை இருந்தும் இல்லாததுபோல். கத்தார் ஏர்வேஸும் அதே 212-ஐத்தான் கேட்கிறது. அப்பா ஒரு டேப்புக்கு மேல் இருபத்துமூன்றரை அங்குலம் கூட்டி, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் சுவரில் ஒரு கோடு கிழித்தார். மகள் எக்கினாள். விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி உயரம் மிச்சம். தம்பி ஸ்டூல் கொண்டுவந்து உதவ முன்வந்தான், அவனை விரட்டினார்கள்.

தாங்கள் கையேட்டில் எட்டுப் பக்கம் வண்ணத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். ஒப்பனை, நடை, நாப்கின் மடிப்பு, ‘பர்சனாலிட்டி டெவலப்மென்ட்’ எல்லாம் இருக்கின்றன. 155 இல்லை, 160 இல்லை, 212 இல்லை. வெளியே தெரியும் இடத்தில் பச்சை குத்தியிருந்தால் எமிரேட்ஸ் எடுக்காது என்ற வரி இல்லை. பச்சை குத்திய பெண்ணும் பணம் கட்டலாம், குள்ளமான பெண்ணும் கட்டலாம். கோயிலில்கூட, சட்டை போட்டு உள்ளே வரக் கூடாது என்றால் அதை வாசலிலேயே பலகை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள்.

வயதைப் பற்றியும் கையேட்டில் ஒரு மௌனம் இருக்கிறது. எமிரேட்ஸ், கத்தார் இரண்டுமே 21 வயது முடிந்தவரைத்தான் எடுக்கும். தங்கள் பேனரில் வளைகுடா வானம் தெரிகிறது. அதன் கீழே நிற்பவள் 18 வயதுக்காரி. ஓராண்டுப் பயிற்சி முடித்தால் 19 ஆகும். மிச்சம் இரண்டு ஆண்டும் அவள் அந்த நாப்கினை மடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, பயிற்சி என்று ஒன்று வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கட்டாயம் வேண்டும். அதை வேலைக்கு எடுத்த விமான நிறுவனமே தருகிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி தீயணைப்பு, முதலுதவி, அவசர வெளியேற்றம், தண்ணீரில் இறங்க நேர்ந்தால் செய்ய வேண்டியது, ஆபத்தான சரக்கு, பாதுகாப்பு எல்லாவற்றிலும் பயிற்சி முடித்துத் தேறினால்தான் ஒருவர் பறக்க முடியும். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா அந்த ஆண்டு 4,200-க்கும் மேற்பட்ட பயிற்சிப் பணியாளர்களை எடுக்கப்போவதாக அறிவித்தபோது, எடுத்தவர்களுக்கு மும்பையில் 15 வாரப் பயிற்சி என்றும் சொன்னது. தங்கள் சான்றிதழைக் காட்டினால் அந்த 15 வாரத்தில் ஒரு நாளும் குறையாது. புடவை கட்டத் தெரிந்தவள் என்று மணப்பெண்ணுக்கு முகூர்த்த நேரத்தைக் குறைப்பதில்லையே, அதுபோல.

ஆள் எடுக்கப் பணம் வாங்குவதில்லை என்று இண்டிகோ தன் வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டுவைத்திருக்கிறது. விண்ணப்பிக்கக் காசு இல்லை, நேர்காணலுக்குக் காசு இல்லை. கட்டாயமாகச் செலவாவது பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். ஏழரை பிளவுஸ்.

அடுத்து, தங்கள் வரவேற்பறைச் சுவர். ‘எங்கள் வெற்றியாளர்கள்’ என்ற தலைப்பில் நாற்பது படம் மாட்டியிருக்கிறது. மகள் அவற்றைப் பார்த்துக் கனவு கண்டாள். இந்தக் கடிதத்தை எழுதுபவர் பார்த்தால் நடுகல் வரிசைபோல் தெரிகிறது. சிவப்புச் சீருடைக்காரி கிங்ஃபிஷர். அது 2012 அக்டோபரில் நின்றது. மஞ்சள் கோட்டுப் பெண் ஜெட் ஏர்வேஸ். 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசி விமானம். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் இறங்கியது, பிறகு ஏறவில்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு கலந்துவிட்டது. அந்தச் சீருடையை இனி எந்த விமானத்திலும் பார்க்க முடியாது. நம் ஊர்க் கணக்கும் உண்டு. சென்னையை மையமாக வைத்து 2005-இல் பறக்கத் தொடங்கிய பாரமவுண்ட் 2010-இல் முடிந்தது. கோவையின் ஏர் கார்னிவல் 2016-இல் எழும்பி மறு ஆண்டே உட்கார்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று: நிறுவனங்கள் செத்தாலும் அவற்றுக்குப் பெண்களைத் தயார்செய்யும் மாடிகள் சாவதில்லை. எல்லா விமானமும் தரையில் நின்ற கொரோனாக் காலத்திலும் ‘ஆன்லைன் பேட்ச்’ நடந்ததாம்.

அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் பயிற்சியால் தேர்வானார்கள், எத்தனை பேர் எப்படியும் தேர்வாகியிருப்பார்கள் என்பது காக்காவுக்கும் பனம்பழத்துக்கும் இடையிலான வழக்கு. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் பறந்தார்கள் என்ற இரண்டு எண் சுவரில் இருந்தாலாவது தீர்ப்பு சொல்லலாம். கூடவே, நட்சத்திர ஓட்டல் வரவேற்பறை, விமான நிலையத் தரைப்பணி, துணிக்கடைக் கவுண்டர் எல்லாமும் ‘பிளேஸ்மெண்ட்’ கணக்கில் ஏறுகின்றனவா என்றும் அப்பா கேட்கச் சொன்னார். துணிக்கடைக் கவுண்டர் என்றால் அவரே சொல்லி வாங்கித் தருவாராம், ஐந்து பைசா வாங்காமல்.

அப்பத்தாவுக்கு வேறு சந்தேகம். “கல்யாணம் ஆனா வேலையை விட்டு எடுத்துருவாங்களா?” கவுன்சிலர் அம்மையார் இந்தக் கேள்விக்குச் சிரித்தார். சிரிக்கிற கேள்வி இல்லை. ஏர் இந்தியாவில் அப்படி ஒரு விதியே இருந்தது: சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தாலோ, முதல் முறை கர்ப்பமானாலோ, 35 வயதானாலோ வேலை முடிந்தது. நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண் வழக்குப் போட்டார். 1981-இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியைத் தூக்கி எறிந்தது. நான்கு ஆண்டுக் கல்யாண விதியையும் 35 வயது விதியையும் அப்போது விட்டுவைத்தது. பின்னாளில் அவையும் மாறின. அப்பத்தாவின் கேள்வி நாற்பது ஆண்டுப் பழசு, அவ்வளவுதான். தங்கள் பாடத்திட்டத்தில் ‘விமானத் துறை அறிமுகம்’ என்று ஒரு பாடம் உண்டு. அதில் இதற்குப் பாதிப் பக்கம் ஒதுக்கலாம்.

அந்தப் பாடத்தில் எல்லன் சர்ச்சும் வர வேண்டும். அமெரிக்க நர்ஸ். விமானம் ஓட்டத்தான் வேலை கேட்டார். போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் அதைத் தரவில்லை. நர்ஸ்கள் கூட இருந்தால் பயணிகளுக்குப் பயம் தெளியும் என்று அவர் சொன்ன யோசனையை எடுத்துக்கொண்டது. 1930 மே 15-இல் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அன்றைய தகுதி: பதிவுபெற்ற நர்ஸ், 25 வயதுக்குள், 52 கிலோவுக்குள், உயரம் ஐந்தடி நாலங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அன்றைய விமானத்தின் கூரை அவ்வளவு தாழ்வு. அன்று கூடக் கூடாது என்று டேப் பிடித்தார்கள், இன்று குறையக் கூடாது என்று பிடிக்கிறார்கள்.

நாப்கின் மடிப்புக்கு இரண்டு வாரம் வைத்திருக்கிறீர்கள். 44 இருக்கைக்கு மேலுள்ள விமானம் எதுவானாலும், பாதிக் கதவுகள் அடைத்த நிலையில் 90 வினாடியில் எல்லோரும் வெளியே வர முடியும் என்று காட்டினால்தான் பறக்க அனுமதி கிடைக்கும். அந்தக் கணக்கில் பணிப்பெண் உபசரிக்க வந்தவள் இல்லை, கதவைத் திறக்க வந்தவள். ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்ற விதியும் அதற்காகத்தான். 180 இருக்கை ஏர்பஸ்ஸில் நான்கு பேர் இருப்பது காபி ஊற்ற அல்ல. 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எட்டுக் கதவில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. எந்தக் கதவுக்கு வெளியே தீ, எதைத் திறக்கலாம் என்று பார்த்து முடிவெடுத்தது உள்ளே நின்ற பணியாளர்கள். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. கை மெகாஃபோனிலும் தொண்டையாலும் கத்தினார்கள். பெட்டியை எடுக்காதே என்றார்கள், எடுக்கவில்லை. பேனரில் சிரிக்கும் பெண்ணுக்கு ஒரு முறையாவது கத்தக் கற்றுக்கொடுங்கள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தங்கள் மாடியில் ஒன்றுமே கிடைக்காது என்று சொன்னால் அது பொய். தமிழ்வழியில் படித்த பெண், நூறு பேர் இருக்கும் குளிர்ந்த கூடத்தில் எழுந்து நின்று ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். குழு விவாதத்தில் பக்கத்தில் இருப்பவளை மிதிக்காமலும் அவளால் மிதிபடாமலும் வாய் திறக்க வேண்டும். தலையை எப்படி வாருவது, கேள்வி கேட்பவரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. இங்கிலீஷ் பேசும் சித்தப்பா உள்ள வீட்டுப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் இலவசமாகக் கிடைப்பது, தையல்காரர் மகளுக்குக் காசு கொடுத்தால்தான் கிடைக்கும். அந்தக் கூச்சம் போக ஆறு வாரம் போதும். அதற்கொரு விலையும் உண்டு. அந்த விலை 708 பிளவுஸ் இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் இளைஞர்களுக்கு இந்தத் துறைப் பயிற்சியைத் தன் செலவில் தருவதாக அரசு நிறுவனமான தாட்கோவே அறிவிப்புகள் வெளியிட்டிருக்கிறது. அந்தக் குடும்பங்களையும் தாங்கள் தவணைத் தாளில் கையெழுத்துப் போடவைக்கும்போது அந்த அறிவிப்பை ஏனோ மறந்துவிடுகிறீர்கள்.

அப்பா கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பாதி மனசுதான். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் மாதம் எண்ணூறு ரூபாய்க்குப் பேசச் சொல்லித்தருகிறார், அங்கே சேர்த்தார். பாஸ்போர்ட் எடுத்தார். ஒரு விமான நிறுவனம் சென்னையில் நேரடித் தேர்வு வைத்தபோது இரவு பஸ்ஸில் மகளோடு போனார்.

உயரத்தில் தேறினாள். ஒரு நிமிடப் பேச்சுக்கு ‘மழை’ என்று தலைப்புக் கொடுத்தார்களாம். நாற்பது வினாடியில் நிறுத்திவிட்டாள். அடுத்த சுற்றுக்குக் கூப்பிடவில்லை, காரணமும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வரலாம் என்றார்கள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அப்பா கட்டுச்சோற்றைப் பிரித்தார். அந்தப் பக்கம் ஒரே நிறக் கோட்டு போட்ட பதினைந்து பெண்கள் வெளியே வந்தார்கள். எல்லோரும் ஒரே நிலையத்தில் படித்தவர்கள். ‘ஏன் இந்த வேலை’ என்ற கேள்விக்கு எல்லோரும் ‘பயணிகள் முகத்தில் புன்னகையைப் பார்ப்பதற்கு’ என்று சொன்னதாக மகள் சொன்னாள். கேட்டவரின் முகத்தில் புன்னகை இருந்ததா என்று அப்பா கேட்டார். மகள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு முதல் சிரிப்பு.

அந்தக் கோட்டுகளைப் பற்றி அப்பாவுக்கு வேறொரு வருத்தம். தோள்பட்டை சரியாக உட்காரவில்லையாம். கட்டணத்தோடு சேர்த்துக் கோட்டுக்கு எட்டாயிரம் வாங்குகிறீர்களாமே, அந்த விலைக்கு இரண்டு கோட்டு தைத்து லைனிங்கும் போடலாம் என்கிறார். தாங்கள் விரும்பினால் விலைப்பட்டியல் அனுப்பத் தயார்.

மகள் மீண்டும் போவாள். அப்போதும் கிடைக்காமல் போகலாம். தங்கள் கவுன்சிலர் அம்மையார் செவ்வாய்தோறும் அழைக்கிறார். மூன்று சீட்டு இன்னும் அப்படியே இருப்பதாகச் சொல்கிறார்.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து, பணம் வாங்கும் மேசைக்கு முன்னால், படிக்கட்டு முடியும் இடத்திலேயே 155, 160, 212 என்று சுவரில் மூன்று கோடு போட்டு, பக்கத்தில் வயதையும் எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. கோடு போடச் சாக்கட்டியும் தேவையென்றால் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தையல் கடைக்கு எதிர் டீக்கடையில் தினமும் உட்காருபவர்.

இணைப்பு: டேப் ஒன்று, 60 அங்குலம். (155-க்கு இன்னும் ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளவும்.)